மைனரின் தவக்காலம்

வைகாசி பிறந்த முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுது, மைனரின் வயிற்றைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த தெரசம்மாளின் கை சட்டென நின்றது. நாயின் முன்னங்கால் அக்குளில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது. புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பார்த்தாள். அங்கும் அவ்வாறே. காதை மடித்து முகர்ந்தாள். சென்ற ஆண்டு வீசிய அதே புளித்த வாடை திரும்பி வந்திருந்தது. அவள் கணவரைக் கூப்பிடவில்லை, அழவுமில்லை. எழுந்து போய், கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த சிறு மின்விளக்கை அணைத்தாள்.

மகன் ஜெர்ரி காணாமற்போன நாள் முதலாக அணையாதிருந்த விளக்கு அது.

சங்ககிரியில், லாரிப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலைக்குப் பின்புறத் தெருவில் அவர்கள் வீடு. கணவர் அற்புதராஜ் லாரிகளுக்கு வர்ணம் பூசி, நெற்றியில் பெயர் எழுதுபவர். ஒரே மகன் ஜெர்ரி அத்தொழிலை விரும்பவில்லை. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரிடம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சேர்ந்து வடக்கே போனான். முதல் முறை ஊர் திரும்பியபோது, பட்டறையில் நின்ற லாரிக்கு அடியில் கிடந்த குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். செம்பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. வயிற்றுக்கில்லாத நிலையிலும் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததால் அதற்கு மைனர் என்று பெயரிட்டான்.

அடுத்த முறை சத்தீஸ்கருக்குப் போனவன் ஒரு கார்த்திகை மாலையில் முகாமிலிருந்து கடைத்தெருவுக்குச் சென்றான், திரும்பவில்லை. தொலைபேசி அணைந்துவிட்டது. அற்புதராஜ் அவ்வளவு தொலைவு போய், புரியாத மொழியில் புகார் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. காணாமற்போவதற்கு முந்தைய நாள் அவன் தாயிடம் பேசியது மிகச் சில சொற்களே. "மைனருக்குக் கோழிக்கால் போட்டீங்களாம்மா?" என்று கேட்டான். போட்டாயிற்று என்றாள். "மறக்காம தினமும் போடுங்க," என்றான். அவ்வளவுதான்.

அவள் மறக்கவில்லை. நாமக்கல் பண்ணைகளின் கோழியும் முட்டையும் நாள் தவறாமல் வந்திறங்கும் ஊர் அது. கறிக்கடையில் கழித்துப் போடும் கால்களையும் கழுத்துகளையும் வாங்கி வந்து, சோற்றோடு வேகவைத்து, மேலே ஓர் உடைசல் முட்டையையும் ஊற்றிக் கிளறி வைப்பாள். மகன் விட்டுச் சென்ற கட்டளை என்று அவளிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

ஜெர்ரி வராத அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் மைனர் சொறியத் தொடங்கிற்று. முதலில் பாதங்களை நக்கிற்று. பிறகு காதுகளைத் தரையில் தேய்த்தது. தை முடிவதற்குள் வயிறும் அக்குளும் புண்ணாயின. அடுத்த வீட்டு ராமாத்தாள் குப்பைமேனியை அரைத்துக் கொடுத்தாள். வேப்பெண்ணெய் தடவினார்கள். உள்ளூரில் ஊசி போட்டார்கள். சில நாள்கள் அடங்கியிருந்து மீண்டும் கிளம்பிற்று. மகன் போன துயரமும் நாயின் துயரமும் ஒரே காலத்தில் வந்தமையால், தெரசம்மாள் அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணத் தலைப்பட்டாள்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவள், மகனுக்காக ஒரு நேர்ச்சை செய்தாள். அன்று தொடங்கும் நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை இறைச்சியோ முட்டையோ வீட்டுப்படி தாண்டி உள்ளே வரலாகாது. கோழியைக் கையால் தொடுவதில்லை என்றான பின்பு நாய்க்கு மட்டும் எங்ஙனம் சமைப்பது? மைனருக்கும் தயிர்ச்சோறுதான். மகனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதைப் பிசைந்து வைத்தாள்.

தவக்காலத்தின் கடைசி வாரத்தில், குருத்தோலை ஞாயிறு வந்தபோது மைனரின் வயிற்றில் புதுமயிர் முளைத்திருந்தது.

"அவன் இருக்கானுங்க," என்று கணவரிடம் சொன்னாள். "மைனரப் பாருங்க. மாதா எனக்குக் காட்டிட்டாங்க."

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவன்று ஊரே பிரியாணி மணத்தது. நேர்ச்சை முடிந்த மகிழ்ச்சியில் அவள் மைனருக்கு இரு மடங்கு கோழிக்கால் வேகவைத்தாள். அடுத்து வந்த வாரங்களில் புண்கள் மறுபடியும் தோன்றின. அவள் தன்னையே நொந்துகொண்டாள். மகன் வருமுன் நேர்ச்சையை முடித்தது தன் பிழை என்று கொண்டாள். முடித்த நேர்ச்சையை அடுத்த தவக்காலத்தில்தான் மீண்டும் தொடங்கலாம் என்றிருந்ததால் கோழிக்கால் தொடர்ந்தது; அவ்வாண்டு முழுவதும் நாய் ஊசியிலும் எண்ணெயிலும் காலந்தள்ளிற்று. இவ்வாண்டுத் தவக்காலத்தில் மீண்டும் விரதம். மீண்டும் புண் ஆறிற்று. இம்முறை அவள் ஏமாறவில்லை. பெருவிழா வந்தது, போனது. வீட்டில் கறி வேகவில்லை. ஜெர்ரி வந்து கேட்கும்போதுதான் இனி இந்த அடுப்பில் கோழி என்று சொல்லிவிட்டாள். பளபளத்த நாயைப் பார்க்கும்தோறும் அவள் முகமும் தெளிந்தது. இரவில் உறங்கினாள். வடக்கிலிருந்து வரும் ரிக் வண்டிகளின் ஓசைக்கு வாசலில் போய் நிற்கவும் தொடங்கினாள்.

அந்தத் தெளிவின்மேல்தான் வைகாசிக் காலையில் அச்செம்புண் விழுந்தது.

மாலையில் அற்புதராஜ் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவும் வரை அவள் காத்திருந்தாள்.

"ஏனுங்க, சாமியார்கிட்டச் சொல்லி அவனுக்கு ஒரு பூசை வெச்சிருங்க."

மாதந்தோறும் வைப்பதுதானே என்றார் அவர்.

"அதில்லீங்க. செத்தவங்களுக்கு வெக்கிற பூசை."

துண்டு அவர் முகத்திலேயே நின்றது. அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டினார். அவள் குரலை உயர்த்தவில்லை. நாயை அழைத்து, அவர் முன் படுக்க வைத்து, அக்குளைக் காட்டினாள்.

"நான் ஒரு வாய் மீறலீங்க. போன வருசம் நான் முடிச்சதால வந்துச்சு, சரி. இப்ப நான் முடிக்கலியே. எதுக்கு வந்துச்சு?"

அவர் குனிந்து அந்தப் புண்ணைத் தொட்டுப் பார்த்தார். வரும் சனிக்கிழமைப் பூசைக்குச் சொல்லிவிடும்படி அவள் கேட்டுக்கொண்டாள். அவள் சமையலறைக்குள் போன பின்புதான் மாதா படத்தின்கீழ் இருட்டாயிருப்பதை அவர் கவனித்தார்.

மறுநாள் விடியலில், எப்போதும் போல மைனரைப் பிடித்துக்கொண்டு அவர் தங்கமுத்துவின் தேநீர்க்கடைக்குப் போனார். பெருவிழா கழிந்த மறுநாளிலிருந்தே அது அவருடைய வழக்கமாயிருந்தது. மனைவியின் நேர்ச்சையை வீட்டுக்குள் அவர் மதித்தார். வெயிலில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்யும் உடம்பு அதை வீட்டுக்கு வெளியே மதிக்கவில்லை. இரண்டு அவித்த முட்டை வாங்குவார். ஒன்றைத் தாம் தின்று, மற்றதை உரித்து நாய்க்குப் போடுவார்.

தங்கமுத்து முட்டைகளைக் காகிதத்தில் வைத்து நீட்டினான். "ஊட்ல நோன்பு, ரோட்ல முட்டைங்களா மாமா? அக்கா கேட்டா நான் பார்க்கலைன்னுதான் சொல்லோணும். இந்த மைனரு வாயத் தொறக்க மாட்டான். அதுவரைக்கும் உங்களுக்குக் கவலை இல்லீங்க."

வழக்கமாக அற்புதராஜ் இதற்குச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. மைனர் தன் பங்கை விழுங்கிவிட்டு, பின்காலால் காதைப் பரபரவென்று சொறிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், தம் முட்டையைத் தின்னாமல் காகிதத்தோடு வைத்துவிட்டார். வேறு எதைச் செய்ய முடியாவிடினும் இந்த நாயின் புண்ணையாவது ஆற்றிவிட வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றிற்று. புண் ஆறத் தொடங்கினால் அவள் அந்தப் பூசை வேண்டாம் என்பாள். பட்டறைக்கு வந்திருந்த சரக்கு ஆட்டோ ஒன்றில் நாயை ஏற்றி, நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அங்கே மைனரைப் பார்த்த மருத்துவர் சத்யபிரியா இளம்பெண். பூச்சி, உண்ணி, சொறிப்பேன் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்தார். அரிப்பு மழைக்காலத்தில் கூடுமா, வெயிலில் குறையுமா என்று கேட்டார். அப்படியொன்றும் இல்லை என்றார் அற்புதராஜ். தவக்காலத்தில் மட்டும் ஆறும், பிறகு வரும்.

மருத்துவர் நிமிர்ந்தார். "எந்தக் காலத்துலங்க ஐயா?"

அவர் விளக்கினார். சாம்பல் பூசும் புதன்கிழமையையும், மனைவியின் நேர்ச்சையையும், தயிர்ச்சோற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, மருத்துவரின் முகம் மாறுவது தெரிந்தது. சத்யபிரியா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். தவக்காலத்துக்கு முன்பு நாய் என்ன தின்றது? பெருவிழாவுக்குப் பின்பு முதலில் எதைப் போட்டார்கள்? எவ்வளவு நாளில் சொறியத் தொடங்கிற்று?

"உங்க ஊட்டம்மா செஞ்சதத்தான் நாங்க எல்லார்த்தையும் செய்யச் சொல்றதுங்க," என்றார் கடைசியில். "சந்தேகப்படற சாப்பாட்ட முழுசா நிறுத்தி ரெண்டு மாசம் பார்க்கச் சொல்லுவோம். ஒருத்தரும் ஒழுங்காச் செய்ய மாட்டாங்க. பாவம்னு ஒரு பிஸ்கட், ஒரு எலும்பு. உங்க ஊட்ல ரெண்டு தடவை செஞ்சிருக்காங்க. இதுக்குக் கோழி ஒத்துக்கலீங்க ஐயா. நாமக்கல்லுல உக்காந்துட்டு இதச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா அதான் விசயம்."

குட்டியிலிருந்தே தின்று வந்ததாயிற்றே என்றார் அவர். பெரும்பாலும் அப்படித்தான் நேரும் என்று மருத்துவர் சொன்னார். பிறந்ததிலிருந்து தின்றுவந்த ஒன்றையே உடம்பு ஒருநாள் பகையாகக் கொண்டுவிடும். ஒன்றரை வயதில், இரண்டு வயதில் அரிப்பு தொடங்கும். காதும் பாதமும் அக்குளும்தான் முதலில் காட்டும். ஊசி போட்டால் அரிப்பு அடங்குமே தவிர, காரணம் தட்டில் இருக்கும்வரை அது போகாது.

"ஆனா ஒண்ணுங்க. இந்த வருசம் ஊட்ல இன்னும் கறி ஆக்கலைங்கறீங்க. அப்பறம் இது மறுபடி எப்படி வந்துச்சு? இதுக்கு வெளியில யாரோ கோழியோ முட்டையோ போடறாங்க. யாருன்னு தெரியுங்களா?"

அற்புதராஜ் மேசையின்மேல் நின்ற நாயைப் பார்த்தார். அது அவர் கையை முகர்ந்துகொண்டிருந்தது. விரல்களில் விடியலின் முட்டை மணம் இன்னும் இருந்திருக்க வேண்டும்.

"நானுங்கம்மா," என்றார்.

சத்யபிரியா கடிந்துகொள்ளவில்லை. தோலில் இரண்டாவதாகச் சேர்ந்துவிட்ட கிருமிக்கு மருந்தும், காதுக்குச் சொட்டும் கொடுத்தார். தயிர்ச்சோறு மட்டும் வளர்ந்த நாய்க்குப் போதாது. இதுவரை அது தின்றறியாத ஒரு புலால் வேண்டும் என்றார். ஜெர்ரிக்கு மீன் வாடை ஆகாது. எனவே அந்த வீட்டில் மீன் வாங்கியதே இல்லை. அப்படியானால் முள் நீக்கிய மீனும் சோறும் மட்டும் என்று மருத்துவர் வரையறுத்தார். கோழி கலந்த பொட்டலத் தீனியும் ஆகாது, பிஸ்கட்டும் ஆகாது, தெருவில் எவரும் எதுவும் போடலாகாது. வாழ்நாள் முழுவதும் இந்தக் காவல் வேண்டும். காவல் இருந்தால் நாய் நலமாக இருக்கும்.

வண்டி திருச்செங்கோட்டைத் தாண்டும் வரை அற்புதராஜுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. சாலையோரத்தில் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றைக் கண்டதும், தாம் வீட்டுக்குக் கொண்டுபோகும் செய்தி எத்தகையது என்பது அவருக்கு விளங்கலாயிற்று. புண் வந்தது முட்டையால். ஆகவே அது மகனின் சாவைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவள் பூசையை நிறுத்துவாள். ஆனால் புண் ஆறியதும் கோழி இல்லாமையால்தானே? மகன் இருக்கிறான் என்று அவள் இரண்டு ஆண்டு நம்பிய சான்றும் அத்தோடு போய்விடும்.

முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் தீர்மானித்தார். நேர்ச்சையை மீறியவன் நான், முட்டை தின்றேன், நாய்க்கும் போட்டேன், அதனால்தான் புண் வந்தது என்று மட்டும் சொல்லலாம். அதில் பொய் ஏதும் இல்லை. அவள் வைவாள், பிறகு விளக்கை ஏற்றுவாள். முட்டையை நிறுத்திவிட்டால் நாயும் ஆறும். அவள் நம்பிக்கையும் அவளிடமே இருக்கும். சங்ககிரி மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது அச்சொற்களை மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டார்.

தெரசம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். அடுக்கி வைத்ததை அப்படியே சொன்னார். அவள் வையவில்லை. களைந்த நீரில் கைகள் அசையாமல் கிடந்தன. அவரை ஏறிட்டு நோக்கினாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்த முகத்தில் வேறொன்று வந்தது.

"முட்டைக்காகவா?" என்றாள். "என் பையனை ஒரு முட்டைக்காகவா..."

அவள் கண்ணில் தாம் என்னவாகிவிட்டோம் என்பதை அற்புதராஜ் கண்டார். யார் மீறினாலும் பலன் ஒன்றே என்பது அவள் கணக்கு. விரதம் காத்துக்கொண்டிருந்த மகனின் உயிரை அவர் கை போக்கிவிட்டதாகவே அவள் கொண்டாள். அதைத் தாங்க அவரால் இயலவில்லை. பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்தும், எஞ்சியதை அவளுக்காகச் சொன்னாரா, தமக்காகச் சொன்னாரா என்பது அவருக்கே தெளிவாகவில்லை. நாமக்கல்லில் கேட்டது முழுவதையும் சொல்லிவிட்டார்.

அவள் கைகளை நீரிலிருந்து எடுத்தாள். பிறகு, மருத்துவர் கேட்டது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"போன வருசம் ஆறுனது?"

"கோழி போடாததால."

"இந்த வருசமும்?"

"அதேதான் தெரசா."

"அப்ப அவன் இருக்கான்னு எனக்கு யாரும் சொல்லலை."

"இல்லை."

"செத்துட்டான்னும் சொல்லலை."

"இல்லை, தெரசா. அதையும் சொல்லலை."

அவள் தலையசைத்தாள். வாசலில் படுத்திருந்த மைனர் தன் பெயரை யாரோ சொன்னது போல் எழுந்து உள்ளே வந்து, அவள் முழங்காலில் காதைத் தேய்த்தது. ஈரக்கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோழிக்கால் போடச் சொன்னானேங்க," என்றாள். "கடைசியா அது ஒண்ணத்தான கேட்டான்."

அப்போதுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவளே மீன் வாங்கி வந்தாள். காவிரி மீன், பள்ளிபாளையத்திலிருந்து வருவது. அந்த அடுப்பில் மீன் ஏறியது அதுவே முதல்முறை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேகவைத்து, ஆறிய பின் ஒவ்வொரு முள்ளாக விரலால் தேடி எடுத்தாள். அற்புதராஜ் உதவ வந்தபோது வேண்டாம் என்று விலக்கிவிட்டாள். தங்கமுத்துவின் கடைக்கு அவரே போய், மைனருக்கு இனி எவரும் எதையும் போடக்கூடாது என்று சொல்லி வந்திருந்தார். தங்கமுத்து அன்று கேலி ஏதும் பேசவில்லை.

சனிக்கிழமை மாலை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பூசையில் வாசிக்க வேண்டிய பெயர்களை வாங்கிக்கொண்டிருந்த உபதேசியார், அவள் கேட்ட அன்றிரவே அற்புதராஜ் மனமின்றிச் சொல்லிவைத்திருந்ததை நினைவுபடுத்தி, இறந்தோர் வரிசையில்தானே என்று தயங்கிக் கேட்டார். இல்லை என்றாள் தெரசம்மாள். அப்படியானால் மாதந்தோறும் போல உடல்நலனுக்காகவா என்றார் அவர். அதற்கும் அவள் இல்லை என்றாள். ஏதாவதொன்றில் சேர்த்தால்தான் வாசிக்க வரும் என்று அவர் பணிவோடு விளக்கினார்.

"பேரை மட்டும் வாசிக்கச் சொல்லுங்க சாமியார்கிட்ட," என்றாள்.

அவ்வாறே வாசித்தார்கள். நோயுற்றோர் பெயர்களும் மரித்தோர் பெயர்களும் முடிந்த பின், பங்குத்தந்தை சற்று நிறுத்தி, 'ஜெர்ரி' என்றார். கோயிலில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தெரசம்மாள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் மாதா படத்தின்கீழ் விளக்கைப் போட்டாள். அற்புதராஜ் ஏதோ கேட்க வாயெடுத்தார். "கூடம் இருட்டா இருக்குதுங்க," என்று அவர் கேட்குமுன்பே சொல்லிவிட்டாள்.

ஆடி பிறந்தது. மைனரின் அக்குளில் மயிர் அடர்ந்தது; காதின் வாடை போயிற்று; வெள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பழையபடி தெருவில் நடந்தது. தெரசம்மாள் இரண்டு வேளையும் மீன்சோறு பிசைந்து வைத்தாள். நாய் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, தெருவிலிருந்து எதுவும் வந்து விழாதவாறு பார்த்துக்கொண்டாள். அவள் மட்டும் இன்னும் கறி தின்பதில்லை. ஏன் என்று அற்புதராஜ் கேட்கவில்லை. ரிக் வண்டிகள் போகும் ஓசை கேட்டாலும் அவள் இப்போது வாசலுக்கு எழுந்து போவதில்லை.

ஒருநாள் மாலை ராமாத்தாள் மாவிளக்குக்கு இடித்த மாவைக் கொடுக்க வந்தவள், நாயைக் கண்டு அகமகிழ்ந்து போனாள். அதன் முதுகைத் தடவி, வயிற்றைப் பார்த்து, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பாரு தெரசா, எப்படி மின்னுதுன்னு. உன்ற வேண்டுதல் வீண் போகலை. பையனும் வந்துருவான் பாரு."

தெரசம்மாள் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்து, நாயின் வாயருகே கொண்டுபோனாள்.

"மீனுங்கக்கா," என்றாள். "மீன்சோறு போடறேன். அதான்."